காபி ஒத்துக்கொள்ளும் வயிற்றுக்குப் பால் ஒத்துக்கொள்ளாதா?

கேள்வி: எனக்கு வயது 58, ஊர் குடியாத்தம். நெதர்லாந்தில் வேலை பார்க்கும் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். அங்கே மதியத்துக்கு ரொட்டி, சீஸ், ஒரு பெரிய கிளாஸ் குளிர்ந்த பால். எலும்புக்கு நல்லதென்று நானும் தினமும் குடித்தேன். வயிறு உப்புசம், கடமுடா சத்தம், பேதி. ஊர் திரும்பியதும் சரியாகிவிட்டது. அந்த ஊர்த் தண்ணீர் சேரவில்லை என்கிறார்கள். இனி பாலை விட்டுவிடலாமா?

பதில்: பாவம், தண்ணீர் என்ன செய்யும் அம்மா? என் சந்தேகம் அந்தப் பெரிய கிளாஸ் மேல்தான்.

பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை உண்டு. அதை உடைக்கும் லாக்டேஸ் நொதி கைக்குழந்தைக்கு நன்றாகச் சுரக்கும். வளர வளரக் குறையும். உலகப் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு இப்படித்தான். மாடு வளர்த்துப் பால் குடித்தே வாழ்ந்த வட ஐரோப்பியர்களிடம் சில ஆயிரம் ஆண்டுகளில் பரவிய மரபணு மாற்றத்தால், அவர்களில் பெரும்பாலோருக்குக் கடைசிவரை சுரக்கிறது. அவர்கள்தான் விதிவிலக்கு, உங்கள் வயிறு ஊர் உலகத்து வயிறு.

அப்படியானால் இத்தனை வருஷம் குடித்த காபி? நம் டம்ளர் காபியில் 100 மில்லி பால் இருந்தால் அதிகம்; லாக்டோஸ் 5 கிராம். அங்கே 300 மில்லி குடித்திருந்தால் 15 கிராம். ஒரே நேரத்தில் 12 கிராம்வரை பெரும்பாலோர் தாங்குவார்கள். மிஞ்சியது பெருங்குடலுக்குப் போய் நீரை இழுக்கும். அங்குள்ள பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். அதுதான் நீங்கள் கேட்ட கடமுடா.

மங்கோலியர்களைப் பாருங்கள். பெரும்பாலோருக்கு அந்த மரபணு மாற்றம் கிடையாது, ஆனாலும் பால்பொருளே முக்கிய உணவு. குதிரைப் பாலைக்கூடப் புளிக்கவைத்து ஐராக் என்று குடிக்கிறார்கள். நாம் உறை ஊற்றுவதும் அதே வேலைதான். லாக்டோஸில் ஒரு பகுதியை பாக்டீரியாவே தின்றுவிடும். நெதர்லாந்துக் கடைகளில் ‘கர்னமெல்க்’ என்று விற்பதும் ஒருவகை மோர்தான், உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும்! நாள்பட்ட சீஸிலும் லாக்டோஸ் அநேகமாக இருக்காது.

ஆக, காபி, தயிர், மோர் எதையும் விடவேண்டாம். வெறும் பாலை மட்டும் குறையுங்கள். கால்சியத்துக்கு நம் பக்கத்துக் களியும் கூழும் இருக்கின்றன: 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம், அதே அளவு பசும்பாலில் சுமார் 120. கேழ்வரகில் உள்ளது முழுவதும் உடம்பில் சேராது. முளைகட்டினாலோ கூழாகப் புளிக்கவைத்தாலோ கொஞ்சம் கூடுதலாகச் சேரும். ஆடிக்கூழில் மோர் விட்டுக் குடிப்போமே, அது எனக்குப் பிடித்த மருந்து. சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் அளவு பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, பாலைக் குறைத்த பிறகும் பேதி வந்தாலோ, மலத்தில் ரத்தம், எடை குறைவு, ரத்தசோகை, தூக்கத்தில் எழுப்பும் பேதி என்று எது இருந்தாலோ, பால்தான் காரணம் என்று விட்டுவிடாதீர்கள். 50 வயதைத் தாண்டியவர் நீங்கள். உடனே குடல் மருத்துவரிடம் காட்டுங்கள்.