குழாய் வெடித்தால் முதலில் கை எங்கே போக வேண்டும்?

கேள்வி (தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த் வாசகி): அண்ணா, பெரிய வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு மவுண்ட் எஜ்கோம் மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு மாலையில் திரும்பினோம். கதவைத் திறந்தால் கூடமெல்லாம் தண்ணீர். சமையலறைச் சுவருக்குள் போகிற பழைய இரும்புக் குழாய் வெடித்திருந்தது. தண்ணீரை எங்கே நிறுத்துவது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை, பக்கத்து வீட்டு மாமாதான் மீட்டர் பெட்டியைத் தேடி மூடினார். பிளம்பர் ஒருவர் வந்து ஒட்டுப் போட்டார். மூன்று வாரம்கூட ஆகவில்லை, அரை மீட்டர் தள்ளி இன்னொரு கசிவு. என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, குழாய் உடைந்ததைவிட, நிறுத்துகிற இடம் வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் போனதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இத்தனை வருஷம் குழாய் வேலை பார்த்ததில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். உடைப்பு விரல் அகலம்தான் இருக்கும், ஆனால் வால்வைத் தேடி அலைகிற அந்த இருபது நிமிஷத்தில் கட்டில், அலமாரி, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் போய்விடும்.

இன்றைக்கே மீட்டர் பெட்டியைத் திறந்து, உள்ளே சேர்ந்த மண்ணை அள்ளி வெளியே போட்டுவிட்டு, ஸ்டாப்காக்கை, அதாவது வீட்டுத் தண்ணீர் முழுவதையும் நிறுத்துகிற வால்வை, முழுசாக மூடித் திறந்து பாருங்கள். வருஷக்கணக்கில் தொடாமல் விட்டால் இறுகிவிடும். அப்படி இறுகியிருந்தால் பலத்தைக் காட்டாதீர்கள், உடைந்து கையோடு வந்துவிடும். ஆளை வைத்து மாற்றுங்கள். ஆயாவுக்கும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும்கூட அதை மூடத் தெரிய வேண்டும். தண்ணீரை நிறுத்தியதும் டிபி போர்டில் (வீட்டு மின்சார சுவிட்சுப் பலகையில்) கீசரை அணைத்துவிடுங்கள், தண்ணீர் பிளக் பக்கமோ கூரை விளக்குப் பக்கமோ போயிருந்தால் மெயினையே அணைத்துவிடுங்கள், ஆனால் ஈரத்தில் நின்றுகொண்டு போர்டைத் தொடவே கூடாது. அப்புறம் தோட்டத்துக் குழாயைத் திறந்து விட்டால் உள்ளே மிச்சமிருப்பது வடிந்துவிடும்.

சரி, ஏன் மறுபடி கசிகிறது? சாட்ஸ்வர்த் வீடுகள் பலவும் நிறவெறி ஆட்சி நம் பெரியவர்களை இடம்பெயர்த்துக் கொண்டுவந்து குடிவைத்த 1960களில் கட்டியவை. அந்தக் காலத்து இரும்புக் குழாய்க்குத் துத்தநாகப் பூச்சுதான் பாதுகாப்பு. அது கரைந்ததும் உள்ளேயிருந்து துரு பிடிக்கும், வெளியே பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். காலையில் முதலில் வருகிற தண்ணீர் செம்பழுப்பாக இருப்பது, ஓட்டம் மெலிந்துகொண்டே போவது, மூட்டுகளில் பொருக்குத் தட்டுவது, இதெல்லாம்தான் அதன் அறிகுறி. ஒட்டுப் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதும் அதே வயசு, அதே துரு. அதோடு, ஒட்டுக்குச் செம்புத் துண்டை இரும்போடு நேராக இணைத்திருந்தால் இரும்பு இன்னும் சீக்கிரம் அரிக்கும், அதையும் கேட்டுப் பாருங்கள். என் பேச்சைக் கேட்டால் இனி ஒட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அந்த வரிசை முழுவதையும் மாற்றுங்கள், சுவரைக் குடையாமல் வெளிப்பக்கமாகவே கொண்டுபோகலாம். அழகு கொஞ்சம் குறையும்தான், ஆனால் கசிந்தால் அன்றைக்கே கண்ணில் படும். அதுவரை டயர் டியூப் துண்டைச் சுற்றி ஹோஸ் கிளிப்பால் இறுக்கி வையுங்கள், சில நாள் தாங்கும்.

அழுத்தத்தையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். நம் பக்கம் மேடும் பள்ளமும். தண்ணீர்த் தொட்டி மேட்டில் இருந்தால், 10 மீட்டர் இறக்கத்துக்குச் சுமார் 100 கிலோபாஸ்கல் கூடும். ராத்திரி ஊர் தூங்குகிறபோது யாரும் குழாய் திறப்பதில்லை, அதனால் அழுத்தம் இன்னும் ஏறும். வீட்டுக்குள் வருகிற இடத்தில் 400 கிலோபாஸ்கல் அழுத்தக் குறைப்பு வால்வு ஒன்று போட்டால் குழாய்க்கும் கீசருக்கும் ஆயுசு கூடும்.

காப்பீடு இருந்தால், துடைப்பதற்கு முன்னால் படம் எடுங்கள், உடைந்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். நாள்பட்ட துருவுக்குப் பணம் தர மறுப்பது உண்டு, எனவே பத்திரத்தை ஒருமுறை நன்றாகப் படித்து வையுங்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ் வாசகர்): கூரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கீசர் குழாயில் தண்ணீர் சொட்டுகிறது. மச்சான் மரக்கட்டை அடித்து அடைத்துவிட்டார். இப்போது சொட்டவில்லை. போதுமா?

பதில்: தம்பி, இதைப் படித்து முடிப்பதற்குள் டிபி போர்டில் கீசரை அணைத்துவிடுங்கள். நன்றாக ஆறிய பிறகு அந்தக் கட்டையைப் பிடுங்குங்கள். தண்ணீர் சூடானால் விரியும், விரிந்தது வெளியேறத்தான் அந்தக் குழாய். சூடேறும்போது கொஞ்சம் சொட்டுவது இயல்பு. நாள் முழுக்க ஓடினால் வால்வு கெட்டிருக்கிறது, கொதிநீரோ ஆவியோ வந்தால் சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட் கெட்டிருக்கிறது. வழியை அடைத்துவிட்டு தெர்மோஸ்டாட்டும் கெட்டால் தொட்டியே வெடிக்கும், கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். மச்சான் நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார், ஆனால் இதில் வீட்டு வைத்தியம் வேண்டாம். பிளம்பர்களைப் பதிவு செய்கிற பிளம்பிங் இண்டஸ்ட்ரி ரெஜிஸ்ட்ரேஷன் போர்டில் பதிந்தவரைக் கூப்பிட்டு, வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். உள்ளே இருக்கிற மெக்னீசியத் தண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்காகவே வைத்தது அது, தீர்ந்துபோனால் அடுத்து அரிப்பது தொட்டிதான்.

கேள்வி (ஜோகன்னஸ்பர்க், லெனேசியா வாசகி): ஜூலைக் குளிரில் வெளிச்சுவர்க் குழாய் உறைந்து வெடித்தது. டர்பனில் இருக்கிற அக்காவிடம் சொன்னால் நம்பவே மாட்டேன் என்கிறார்.

பதில்: அக்காவுக்கு அந்தக் குளிர் தெரியாதம்மா. ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர், ராத்திரி உறைபனி விழும். தண்ணீர் பனிக்கட்டியானால் சுமார் 9 சதவீதம் பெருகும். பனிக்கும் மூடிய குழாய் முனைக்கும் நடுவில் மாட்டிய தண்ணீருக்குப் போக வழியில்லாமல் குழாய் வெடிக்கிறது. மே மாசத்திலேயே வெளியில் தெரிகிற குழாய் முழுவதற்கும், முக்கியமாக வளைவுகளுக்கு, நுரை உறை போடுங்கள். ஹோஸைக் கழற்றி வையுங்கள். உறைந்துவிட்டால் முனையைத் திறந்து வைத்து, அந்தப் பக்கத்திலிருந்து வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிக்கொண்டே பின்னால் போங்கள். நெருப்பைக் காட்டவே வேண்டாம்.

கேள்வி (டொங்காட் வாசகர்): தண்ணீர் நின்று திரும்பி வரும்போதெல்லாம் குழாய் தடதடவென்று அடித்துக்கொள்கிறது. உடைந்துவிடுமா?

பதில்: உள்ளே காற்று மாட்டியிருக்கிறது. பழைய மூட்டாக இருந்தால் உடையும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் உங்கள் ஊர் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி மாசக்கணக்கில் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும், அதனால் நின்று வருவது உங்களுக்குப் பழகியிருக்கும். தண்ணீர் நின்றதும் ஸ்டாப்காக்கை மூடிவிடுங்கள். வந்த பிறகு தோட்டத்துக் குழாயைத் திறந்து வைத்து, ஸ்டாப்காக்கைக் கால் திருப்பு மட்டும் திறந்து, காற்று சீறி முடிந்து தண்ணீர் சீராக வந்ததும் மீதியைத் திறங்கள். ராத்திரி எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது மீட்டரைப் பாருங்கள், சின்ன முள் நகர்ந்தால் எங்கோ கசிகிறது. மீட்டர் வரைக்கும் மாநகராட்சியின் பொறுப்பு. அதற்கு இந்தப் பக்கம் கசிவது உங்கள் பில்லில்தான் ஏறும்.