வார்னிஷ் பூசாமல் மின்னும் மண்: வாசகர் கேள்வி - பதில்

சென்ற இதழில் என் கிண்ணங்களுக்கு 'டெரா சிகிலாட்டா' பூசுகிறேன் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். இந்த முறை முழுக்க அதுதான்.

அது பெயிண்டா, கிளேஸா? பெயரே வாயில் நுழையவில்லையே! – வாசகி, திருச்சி

இரண்டும் இல்லை அம்மா. வெறும் களிமண். தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, அதில் இருக்கும் மிக நுண்ணிய துகளை மட்டும் பிரித்தெடுத்து, சுடாத பாத்திரத்தின் மேல் மெல்லியதாகப் பூசித் தேய்க்கிறோம். கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு எதுவும் கிடையாது, மினுக்கம் மண்ணுடையதே.

பெயருக்கு 'முத்திரையிட்ட மண்' என்று பொருள். இத்தாலியின் அரெஸ்ஸோ ஊரிலும் பிறகு தெற்கு பிரான்சிலும் ரோமானியர் காலத்தில் செய்த சிவந்த, பளபளப்பான தட்டு, கிண்ணங்களுக்குப் பிற்கால ஆய்வாளர்கள் வைத்த பெயர் அது. நம் பக்கத்துக்கும் அது வந்திருக்கிறது. புதுச்சேரிக்கு அருகில் அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியல் ஆய்வாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது அரெஸ்ஸோ வகைப் பாத்திரங்களின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. இத்தாலியில் அவற்றின் காலம் தெரிந்திருந்ததால், அவற்றை வைத்துத்தான் அந்த மண்ணடுக்குகளுக்கு அவர் காலம் குறித்தார். என் பட்டறையிலிருந்து அரிக்கமேட்டுக்கு சைக்கிளில் போய்விடலாம். இரண்டாயிரம் வருடம் மண்ணுக்குள் கிடந்த ஓட்டில் மினுக்கம் போகவில்லை என்று பார்த்த அன்றுதான் இதைக் கற்றே தீருவது என்று முடிவு செய்தேன்.

உங்கள் வரியைப் படித்துவிட்டு நானும் செய்து பார்க்க, மண்ணைத் தண்ணீரில் கரைத்துச் சலவைச் சோடாவும் போட்டேன். ஒரு மணி நேரத்தில் மேலே தெளிந்த நீர், அடியில் எல்லா மண்ணும். நடுவில் ஒன்றுமே இல்லை. எங்கே தப்பு? – வாசகர், நாகப்பட்டினம்

உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் தட்டியது. போர் தண்ணீரா ஊற்றினீர்கள்?

முதல் வருடம் நானும் இதையேதான் செய்தேன். மூன்று ஜாடி, மூன்றும் இப்படியே ஆயின. மண்ணை மாற்றினேன், சோடாவைக் கூட்டினேன், எதுவும் நடக்கவில்லை. ஐப்பசி மழையில் மொட்டைமாடியில் பிடித்த நீரில் கரைத்தபோது முதல் தடவையிலேயே சரியாக வந்தது.

காரணம் இதுதான். சோடா சேர்ந்ததும் களிமண் துகள்கள் ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கும். பெரியவை அடியில் இறங்கும், மிகச் சிறியவை மிதந்துகொண்டே இருக்கும். கடலோரத்து உப்புத் தண்ணீரிலும் கடின நீரிலும் கால்சியம், மெக்னீசியம் போன்றவை அதிகம். அவை துகள்களைத் திரும்பக் கட்டியாகச் சேர்த்துவிடும். கட்டியானது சட்டென்று அடியில் உட்காரும். நீங்கள் பார்த்த தெளிந்த நீர் அதன் அடையாளம். மழைநீர், இல்லையென்றால் ஆர்.ஓ. தண்ணீர் எடுங்கள்.

என் அளவு: காய்ந்த களிமண் தூள் 1 கிலோ, தண்ணீர் 2 லிட்டர், சோடியம் சிலிகேட் (இதுவும் சோடா மாதிரியே துகள்களை விலக்கி நிறுத்தும்) இரண்டரை கிராம், சலவைச் சோடா இரண்டரை கிராம். ஆப்ப சோடா வேண்டாம். சோடாவையும் சிலிகேட்டையும் முதலில் கொஞ்சம் வெந்நீரில் கரைத்துத் தண்ணீரில் கலந்துவிட்டு, பிறகு மண்ணைத் தூவி நன்றாகக் கலக்குங்கள். உள்ளே தெரிகிற பாட்டிலில் ஊற்றி ஒரு மூலையில் வையுங்கள். 20 மணி நேரம் அதைத் தொடவே கூடாது. மிக்ஸி ஓடும் மேடையிலும் வைக்காதீர்கள்.

சரியாக வந்தால் அடியில் கெட்டிக் கசடும், அதன் மேல் மோர் போல நீர்த்த மண்பாலும் தெரியும். நமக்கு வேண்டியது அந்த மண்பால்தான். பாட்டிலைச் சாய்த்து ஊற்றினால் கசடு கிளம்பிவிடும். மீன் தொட்டிக்கு விற்கிற மெல்லிய டியூப்பை விட்டு உறிஞ்சி இறக்குங்கள், கசடுக்கு இரண்டு விரல் மேலேயே நிறுத்திவிடுங்கள். 100 மில்லி எடுத்து எடை போட்டால் 115 கிராம் அளவுக்கு இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் அகலமான தட்டில் ஊற்றி வையுங்கள், தானாக வற்றும்.

பூச்சு செதில் செதிலாக உரிகிறது. உரியாத இடத்திலும் பளபளப்பு இல்லை. – கல்லூரி மாணவி, கோவை

உரிவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், தடிமன். ஒரே பூச்சில் முடித்துவிட வேண்டும் என்கிற அவசரம். எண்ணெய்க் கை பட்ட இடத்திலும், தூசி துடைக்காத இடத்திலும்கூட ஒட்டாது.

பளபளப்புக்கு வேலை முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. ஈரம் இழுத்து, நகம் வைத்தால் லேசாகப் பதிகிற பதத்தில் பாத்திரத்தைக் கரண்டியின் முதுகால் வழவழப்பாக்குங்கள். சிகிலாட்டா மேடு பள்ளத்தை மறைக்காது. மாறாக, எடுத்துக் காட்டும். அப்புறம் முழுதாகக் காயவிட்டு, தூசி துடைத்து, மிருதுவான அகலப் பிரஷ்ஷால் பூசுங்கள். காய்ந்த மண் ஈரத்தைக் குடித்துவிடும். ஈரப் பளபளப்பு மறைகிற அந்த நேரம்தான் தேய்க்க வேண்டிய நேரம். அதைவிட முன்னால் என்றால் பூச்சு துணியோடு வரும், பின்னால் என்றால் வெறும் தூள்தான் கிளம்பும். மூன்று மெல்லிய பூச்சு போடுவேன். ஒவ்வொன்றையும் தேய்த்த பிறகே அடுத்தது. ஒரே இடத்தை ஊற ஊற நனைத்தால் காய்ந்த பாத்திரம் வெடித்துவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதால் தேய்ப்பது என்றால், பழைய மெல்லிய பருத்தித் துணி போதும். கடைசிப் பூச்சுக்கு மட்டும் மளிகைக் கடை பிளாஸ்டிக் பையை விரலில் சுற்றிக்கொண்டு, அழுத்தாமல் வட்டமாகத் தேய்ப்பேன். களிமண் துகள் தட்டையானது. தேய்க்கத் தேய்க்க வெற்றிலைக் கட்டில் இலை படிகிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொள்ளும். ஒளி அந்தச் சமதளத்தில் பட்டுத் திரும்புவதைத்தான் நாம் மினுக்கம் என்கிறோம். எனக்குச் சக்கரம் பழக்கிய ஐயா பானையைக் கூழாங்கல்லால் தேய்த்துச் செய்ததும் இதே வேலைதான். அவருக்குக் கையே நேரத்தைச் சொல்லும்.

தேய்த்து முடித்ததும் கண்ணாடி மாதிரி இருந்தது. சூளையிலிருந்து எடுத்தால் செங்கல் மாதிரி இருக்கிறது. மெழுகு தடவிவிடலாமா? – வாசகி, சென்னை

சூடு கூடிவிட்டது. நம் மண்ணுக்கு 900 முதல் 950 டிகிரிக்குள் நிறுத்துங்கள். ஆயிரம் டிகிரியைத் தாண்டினால் படுத்திருந்த துகள்கள் உருக்குலையத் தொடங்கும், மினுக்கம் போய்விடும். ஒரு பட்டறையில் இடம் கேட்டு என் 12 கிண்ணங்களை அவர்களுடைய பாத்திரங்களோடு வைத்தேன். சூளை 1060 வரை போனது. பன்னிரண்டும் மங்கிப் போயின, அன்று ரொம்ப அழுதேன். அதன் பிறகு சிகிலாட்டாவைத் தனியாகத்தான் சுடுகிறேன்.

மெழுகு தடவலாம், தப்பில்லை. ஆனால் அந்தப் பளபளப்பு மெழுகினுடையது. வாங்குகிறவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

இதில் டீ குடிக்கலாமா? – வாசகர், மதுரை

நான் அதற்கு விற்பதில்லை. ரோமானியர்கள் இதில் சாப்பிட்டார்கள் என்பது உண்மை. அவர்கள் எடுத்த மண்ணில் பொட்டாசியம் அதிகம், அதனால் மேற்பூச்சு சூளையில் இறுகிக் கெட்டிப்படும். நாம் குறைந்த சூட்டில் சுடுகிறோம். நம் பாத்திரம் நீரை உறிஞ்சும், டீக்கறையும் பிடிக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்கச் செய்தித்தாள் மேல் வையுங்கள். காலையில் அடியில் ஈர வட்டம் இருக்கும். பழம் வைக்க, பூ மிதக்கவிட, அகல் ஏற்ற என்று கேட்டால் தாராளமாகத் தருவேன்.