ரத்தப் பொரியல் சாப்பிட்டதால் மலப் பரிசோதனை 'பாசிட்டிவ்' ஆகுமா?

கேள்வி: என் வயது 54. முழு உடல் பரிசோதனையில், மலத்தில் மறைந்த இரத்தம் 'பாசிட்டிவ்' என்று வந்துள்ளது. ஞாயிறன்று ஆட்டுக்கறியும் ரத்தப் பொரியலும் சாப்பிட்டேன். செவ்வாய் காலை மாதிரி கொடுத்தேன். மாதிரி வாங்க வந்தவர், வேறு ஆய்வகத்தில் மறுபடி பார்த்துவிடலாம், புற்றுநோய்க்கான இரத்தப் பரிசோதனையையும் பாதி விலைக்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். முதலில், எந்த முறையில் சோதித்தார்கள் என்பதை ஆய்வகத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அறிக்கையிலேயே இருக்க வேண்டிய விவரம் இது. பக்கம் பக்கமாக வண்ணத்தில் அச்சடித்துத் தருபவர்கள், நோயாளிக்கு மிகவும் தேவையான இந்த ஒரு வரியை விட்டுவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பழைய குவாயாக் முறை, இரத்தத்திலுள்ள ஹீம் என்னும் பொருளைக் கண்டு நீல நிறம் காட்டும். அந்த ஹீம் உங்கள் குடலில் கசிந்ததா, ஆட்டினுடையதா என்று பிரித்தறியாது. ஆகவே ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, ஈரல், ரத்தப் பொரியல், ஹீம் இல்லாமலேயே அதே நீல நிறத்தைக் காட்டிவிடும் பச்சை முள்ளங்கி ஆகியவற்றை மூன்று நாள் முன்பிருந்தே தவிர்க்கும்படி உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சாம்பாரில் நன்றாக வெந்த முள்ளங்கியால் பாதகமில்லை. 'ஃபிட்' என்னும் புதிய முறையோ மனித இரத்தத்தின் குளோபின் புரதத்தை மட்டுமே பிடிக்கும் என்பதால், அதில் பாசிட்டிவ் வந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைக் காரணம் சொல்ல இயலாது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. நாளொன்றுக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உடலில் சேர்ந்தால், குவாயாக் முறையில் அந்த நிறமாற்றமே தடைப்பட்டு, உண்மையில் இரத்தம் கசிந்தும் 'நெகட்டிவ்' என்று வரக்கூடும். சளிக்கென்று பலர் சப்பும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே இந்த அளவைப் போல இரண்டு மடங்கு; தினமும் நெல்லிக்காய்ச் சாறு குடிப்பவர்களும் அந்த மூன்று நாள் நிறுத்த வேண்டும். பயந்துபோய் எனக்கு எழுதும் உங்களைவிட, இப்படிப் பொய்யான நெகட்டிவைப் பார்த்து நிம்மதியடைந்தவரைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம்.

மறுபரிசோதனை ஏன் வேண்டாம் என்றால், பாலிப்போ (குடலின் உட்சுவரில் வளரும் சிறு சதை) புற்றுக்கட்டியோ அன்றாடம் கசிவதில்லை. அடுத்த முறை நெகட்டிவ் வந்தாலும் முதல் முடிவு செல்லாததாகிவிடாது. அவர் விற்கப் பார்க்கும் இரத்தப் பரிசோதனை பெரும்பாலும் சி.இ.ஏ. ஆக, அதாவது சில புற்றுநோய்களில் இரத்தத்தில் உயரும் ஒரு புரதத்தை அளப்பதாக இருக்கும். அது ஆரம்பநிலைப் புற்றுநோயில் இயல்பான அளவிலேயே இருக்கக்கூடும், புற்றுநோய் இல்லாத புகைபிடிப்பவருக்கு உயர்ந்தும் இருக்கக்கூடும். ஆகவே நோயைச் சலித்தெடுக்க அது உதவாது. கமிஷனுக்காக வீட்டு வாசலில் மருத்துவ ஆலோசனை சொல்பவர்களை யாரும் தட்டிக் கேட்பதில்லை.

பாசிட்டிவ் என்றாலே புற்றுநோய் என்று பொருளல்ல. மூலமும் பாலிப்பும்கூடக் காரணமாகலாம். ஆனால் உங்கள் வயதில், உணவின் மீது சந்தேகம் இருந்தாலும், குடல்நோய் மருத்துவரைப் பார்த்துக் கொலோனோஸ்கோப்பி (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலைப் பார்ப்பது) பற்றி முடிவெடுப்பதே சரி. அறிக்கையோடு, நீங்கள் உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். அதில் ஆஸ்பிரின் இருந்தால், அவர் சொல்லாமல் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.