டாக்டரைக் கேளுங்கள்: நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ்

கேள்வி: 4 மாதக் குழந்தைக்கு இருமலுக்காக மார்பு எக்ஸ்ரே எடுத்தோம். இதயத்துக்கு மேலே அகலமாக ஒரு வெள்ளை நிழல். 'தைமஸ்தான், ஒன்றும் செய்ய வேண்டாம்' என்று அனுப்பிவிட்டார்கள். கட்டியாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அந்த வயதில் தைமஸ் தெரிவது இயல்புதான். இதயத்தின் மேற்புறத்தை ஒட்டி இரண்டு மடல்களாக இருக்கும் சுரப்பி அது; சின்ன மார்புக்குள் பெரிதாகவே தெரியும். சில குழந்தைகளுக்குப் பாய்மரம் விரித்தாற்போல முக்கோணமாக விழும். மிருதுவான சதை என்பதால் விலா எலும்பு அழுத்தும் இடங்களில் ஓரம் அலை அலையாக இருக்கும். மூச்சுக்குழாயை அது நெருக்காது. கட்டி என்றால் பெரும்பாலும் பக்கத்தில் இருப்பதைத் தள்ளும். சந்தேகம் வந்தால் அல்ட்ராசவுண்ட் போதும், அதில் கதிர்வீச்சு இல்லை. காய்ச்சலிலும் ஸ்டீராய்டு மருந்திலும் தைமஸ் சுருங்கி, உடம்பு தேறியதும் மறுபடி வளரும். அடுத்த படத்தில் அளவு மாறியிருந்தால் பதற வேண்டாம்.

20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதே நிழலுக்குப் பயந்து கைக்குழந்தைகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அவர்களிடம் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டது. உங்கள் டாக்டர் ஒன்றும் செய்யாமல் விட்டதுதான் சரியான வைத்தியம்.

கேள்வி: எனக்கு வயது 52. சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டில் தைமஸ் கொழுப்பாக மாறிவிட்டது என்று எழுதியிருக்கிறது. எதிர்ப்பு சக்தி போய்விட்டதா?

பதில்: போகவில்லை. பருவ வயதுக்குப் பிறகு எல்லோருக்கும் அது சுருங்கிக் கொழுப்பாகும். ஆனால் தன் வேலையில் பெரும்பகுதியை அதற்குள் முடித்திருக்கும்.

எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் இளம் செல்கள் தைமஸுக்குள்தான் டி செல்களாகின்றன, அதாவது கிருமிகளை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்களாகின்றன. ஒவ்வொன்றும் எதை அடையாளம் காண்பது என்பதற்கான ஏற்பியைக் கண்மூடித்தனமாகக் கலைத்துப் போட்டு உருவாக்கிக்கொள்கிறது. அதனால்தான் இதுவரை பார்த்திராத கிருமியையும் பிடிக்க ஏதாவது ஒரு செல் இருக்கும். அதே காரணத்தால் நம் உடம்பையே தாக்கும் செல்லும் உருவாகும். சுரப்பியின் வெளிப்பகுதியில் முதல் சோதனை: நம் செல்களின் அடையாளப் புரதத்தைப் படிக்கத் தெரியாதவை சாகும். உட்பகுதியில் அடுத்தது: அங்குள்ள செல்கள் 'ஏர்' என்ற மரபணுவின் உதவியால் இன்சுலின் போன்ற வேறு உறுப்புகளின் புரதங்களையும் கொஞ்சம் தயாரித்துக் காட்டும். அவற்றை இறுகப் பிடிப்பவற்றில் பெரும்பாலானவை அழிக்கப்படும். சில, மற்ற செல்களை அடக்கும் காவலர்களாகும். உள்ளே வந்தவற்றில் 100-க்கு 95-க்கு மேல் வெளியே வருவதில்லை. அந்த மரபணு பழுதானவர்களுக்கு அட்ரினல், பாராதைராய்டு சுரப்பிகளைச் சொந்த டி செல்களே தாக்குகின்றன.

தேறி வந்தவை பல ஆண்டுகள் வாழும், வெளியிலும் பெருகும். புதுச் சரக்கு குறைவதால் முதுமையில் தடுப்பூசி சற்று மந்தமாக வேலை செய்யலாம். அதனாலேயே தடுப்பூசிகளைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: மகளுக்கு 8 மாதத்தில் இதய ஆபரேஷன். தைமஸின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்களாம். தடுப்பூசி போடலாமா?

பதில்: தைமஸ் இதயத்தை மறைத்துக்கொண்டு கிடப்பதால் எடுக்க நேர்கிறது. பிறக்கும் முன்பே டி செல்கள் ரத்தத்துக்கு வந்துவிடுவதால் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே இருக்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: 22-ஆவது குரோமோசோமின் சிறு துண்டு விடுபடும் டிஜார்ஜ் குறைபாட்டுக்குச் சோதித்தார்களா? சிலவகை இதயக் கோளாறுகள் அதனோடு சேர்ந்து வரும். கால்சியம் குறைந்து வலிப்பும் வரலாம். அது இருந்தால் டி செல் எண்ணிக்கை பார்க்கும்வரை அம்மை, ரோட்டா போன்ற உயிருள்ள தடுப்பு மருந்துகள் கூடாது. ஏற்றும் ரத்தமும் முன்கூட்டியே கதிர்வீச்சு பாய்ச்சப்பட்ட ரத்தமாக இருக்க வேண்டும். அது இல்லையென்றால், குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வழக்கமான அட்டவணைப்படி போடலாம்.

கேள்வி: சாயங்காலமானால் இமை சொருகுகிறது, எழுத்து இரண்டாகத் தெரிகிறது. நெஞ்சைத் தட்டினால் தைமஸ் தூண்டப்பட்டுச் சக்தி வருமாமே?

பதில்: தட்டுவதால் எந்தப் பயனும் நிரூபிக்கப்படவில்லை. உங்கள் அறிகுறிகள்தான் எனக்குக் கவலை தருகின்றன. நரம்பு தசையோடு சேரும் இடத்தை நம் எதிர்ப்பொருள்களே தாக்கும் மயஸ்தீனியா கிராவிஸ் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். இந்நோயாளிகளில் 100-க்கு 10 முதல் 15 பேருக்குத் தைமஸில் கட்டி இருக்கும். இந்த வாரமே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அசிட்டைல்கோலின் ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பொருள் சோதனையும் மார்பு சிடி ஸ்கேனும் எடுக்கச் சொல்வார். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தால், அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.