எல் செரிட்டோவில் ஏது சதுப்பு?

வணக்கம் சார்,

கல்லூரியில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து பேண்ட் வைத்திருக்கிறோம். கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்ற அமெரிக்க ராக் பேண்ட் என்றால் உயிர். லூசியானா சதுப்புக்காட்டில் வளர்ந்தவர்கள் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். கலிபோர்னியாக்காரர்கள் என்று இப்போதுதான் தெரிந்தது. அப்படியானால் அந்த ‘ஸ்வாம்ப் ராக்’ வெறும் வேஷம்தானா? அண்ணன் தம்பி சண்டையால்தான் பேண்ட் உடைந்ததா? இன்னொன்று: வைப்ரட்டோ பெடல் ஒன்று வாங்கினோம். எப்படித் திருகினாலும் அவர்களின் ‘பார்ன் ஆன் தி பாயூ’ பாட்டில் வரும் கிட்டார் ஓசை வரவில்லை, தலைசுற்றல்தான் வருகிறது. புதிதாகக் கேட்பவர்களுக்கு எந்த ஆல்பத்தைக் கொடுக்கலாம்?

க.

அன்புள்ள க.,

வேஷமா என்று கேட்டதைப் படித்ததும் எரிச்சல் வந்தது. பெடல் விஷயத்துக்கு வந்ததும் எரிச்சல் போய்ப் பரிதாபம் வந்துவிட்டது. ஒரு ஓசை ஊரிலிருந்து வருகிறதா, கையிலிருந்தும் கருவியிலிருந்தும் வருகிறதா என்று சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் அதில் வந்து விழுந்தது.

எல் செரிட்டோ, கலிபோர்னியாவில் பெர்க்லிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். கிரீடன்ஸின் பாடகர் ஜான் ஃபோகர்ட்டியும் ஸ்டூ குக்கும் டக் கிளிஃபர்டும் அங்கே ஒரே பள்ளிப் பிள்ளைகள். 1959-இல் ‘புளூ வெல்வெட்ஸ்’ என்று ஆரம்பித்தார்கள்; ஜானின் அண்ணன் டாம் வந்து சேர்ந்தார். 1964-இல் ஃபேன்டசி என்ற சின்ன ஜாஸ் கம்பெனியில் கையெழுத்துப் போட, கம்பெனி அவர்கள் தலையில் ‘கோலிவாக்ஸ்’ என்று ஒரு கேவலமான பெயரைக் கட்டியது. கிரீடன்ஸ் என்ற பெயரில் முதல் ஆல்பம் வந்தது 1968-இல். ஆக, ஒன்பது வருஷம் ஊர் பேர் தெரியாமல் வாசித்திருக்கிறார்கள். 1969 ஒரே வருஷத்தில் மூன்று ஆல்பம் போட முடிந்ததற்குக் காரணம் அந்த ஒன்பது வருஷம். உங்கள் பேண்டுக்கு வயது என்ன?

அவர்களை முதலில் கவனிக்க வைத்த ‘சூசி கியூ’ லூசியானா சரக்கு. டேல் ஹாக்கின்ஸ் 1957-இல் பாடியது, கிட்டார் ஜேம்ஸ் பர்ட்டன். அதே மாநிலத்தில் நெல் விளையும் கிரவுலி என்ற சிற்றூரில் ஜே. டி. மில்லர் தன் ஸ்டுடியோவில் ஸ்லிம் ஹார்ப்போவையும் லைட்னின் ஸ்லிமையும் பதிவு செய்துகொண்டிருந்தார். தளும்பும் அந்தக் கிட்டார் இந்தப் பக்கத்து இசையில் ஏற்கெனவே இருந்தது. கேட்டுக் கற்றுக்கொண்டதை வேஷம் என்றால், குருவிடம் பாடம் கேட்ட எல்லோரும் வேஷக்காரர்கள்தான்.

அண்ணன் தம்பி சண்டையை விடுங்கள். டாம் 1971-இல் விலகினார், 1972-இல் பேண்ட் கலைந்தது. ஃபேன்டசியோடு ஜான் நடத்திய வழக்கு 1994-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. வம்பு வேண்டுமென்றால் இணையத்தில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும்.

இப்போது பெடல். நீங்கள் வாங்கியிருப்பதே தப்பான பெட்டி. வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் கொடுக்கும்போது அசைவது சுருதி. அதன் இனம் வைப்ரட்டோ. மேசை விசிறிக்கு முன்னால் வாயை வைத்து ‘ஆ’ என்றால் சுருதி நிற்கும், ஒலி மட்டும் கூடிக் குறையும். அது ட்ரெமலோ. உங்களுக்கு வேண்டியது விசிறி. குழப்பத்தில் ஃபெண்டர் கம்பெனிக்கும் பங்கு உண்டு: தங்கள் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் சுருதியை அசைக்கும் கைப்பிடிக்கு ‘ட்ரெமலோ’ என்று பெயர் வைத்தார்கள், ஆம்ப்பில், அதாவது ஒலிபெருக்கியில், ஒலியளவை அசைக்கும் சானலுக்கு ‘வைப்ரட்டோ’ என்று எழுதினார்கள். ஆனால் காது உங்களுடையது அல்லவா? பெடலுக்கு அப்புறம் சுருதி காட்டும் ட்யூனர் ஒன்றைச் செருகி ஒற்றைத் தந்தியை மீட்டுங்கள். முள் ஆடினால் வைப்ரட்டோ. கடையில் இதைச் செய்து பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

ஜான் அந்தப் பாட்டுக்குப் பயன்படுத்தியது கஸ்டம் கம்பெனியின் டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் இருந்த ட்ரெமலோ. நீங்கள் பெடலிலேயே செய்யலாம். முதலில் வேகம். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு இரண்டு துடிப்பு, அதாவது நொடிக்கு 4. மூன்று வேண்டுமென்றால் நொடிக்கு 6. அதற்கு மேல் போனால் கொசு ரீங்காரம். ஆழத்தைப் பத்துக்கு ஆறில் நிறுத்துங்கள். பத்தில் வைத்தால் ஒலி அடியோடு அறுந்து, நீங்கள் மீட்டும் நொடி பள்ளத்தில் விழுந்தால் மீட்டியதே கேட்காது. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலுக்குப் பின்னால்தான் ட்ரெமலோ வர வேண்டும். முன்னால் வைத்தால் டிஸ்டார்ஷன் ஏற்ற இறக்கத்தை நசுக்கிச் சமன் செய்துவிடும். ட்ரெமலோ போட்டதும் மொத்த ஒலி குறைந்த மாதிரி தோன்றும், வால்யூமைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடும் இடம் இனிமேல்தான். சாதாரண ட்ரெமலோ தன் பாட்டுக்கு ஓடும், டிரம்மருக்காகக் காத்திருக்காது. அதனால் கிட்டார் முதலில் தனியாக ஒலிக்கட்டும், டிரம்மர் அந்தத் துடிப்பிலிருந்து தாளத்தை எடுக்கட்டும். டிரம்மர் தன் இஷ்டத்துக்கு ‘ஒன், டூ’ என்று ஆரம்பித்தால் நாலாவது வரியில் இரண்டும் பிரிந்துவிடும். இரண்டு கிட்டாரிலும் ட்ரெமலோ போட்டால் ஒன்றின் மேட்டில் மற்றது பள்ளம் விழுந்து வெறும் சேறு. ஒரு கிட்டார் துடிக்கட்டும், மற்றது வெறுமனே ரிதம் போடட்டும். கார்டை அடித்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்! துடிப்பு கேட்க இடம் வேண்டும். நடுவில் பத்து ஸ்வரம் திணித்தால் எந்த பெடலும் காப்பாற்றாது.

அவர்களின் ‘பேட் மூன் ரைசிங்’ பாட்டையும் எடுக்கப்போவீர்கள், தெரியும். ஆறு தந்தியையும் இரண்டு ஃபிரெட் அளவு கீழே இறக்கி, ஈ வடிவில் பிடியுங்கள், டி ஒலிக்கும். 10 கேஜ் தந்தி என்றால் தொளதொளத்து ஃபிரெட்டில் உரசும். அதைவிடத் தடித்த 11 போடுங்கள்.

ஆல்பம் கேட்டிருந்தீர்கள். ‘பாயூ கன்ட்ரி’, 1969. அதில் முதல் பாட்டே, நீங்கள் இப்போது கெடுத்துக்கொண்டிருப்பதுதான்.