ரெசிஸ்டரை எந்தப் பக்கம் மாட்டணும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், 9 வோல்ட் பேட்டரில ஒரு சிவப்பு எல்இடி எரிய வைக்கப் போறேன். ரெசிஸ்டரை ப்ளஸ் பக்கம்தான் போடணும், மைனஸ் பக்கம் போட்டா கரண்ட் முதல்ல எல்இடிக்குள்ள போய் அதைக் காலி பண்ணிடும்னு ஃப்ரெண்ட் சொல்றான். அப்படியா? எத்தனை ஓம் போடணும்?

பதில்: எந்தப் பக்கம் போட்டாலும் ஒண்ணுதாங்க, தைரியமா போடுங்க. சைக்கிள் செயினை எந்த எடத்துல புடிச்சு இழுத்தாலும் மொத்த செயினும்தான் மெதுவாகும், புடிச்ச எடத்துக்கு முன்னாடி ஒரு வேகம் பின்னாடி ஒரு வேகம்னு இருக்காதுல்ல, ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணா ஒரே வழியில மாட்டுற சீரிஸ் சர்க்யூட்டும் அதே மாதிரிதான். ரெசிஸ்டர் கரண்டைக் குடிச்சிட்டு மிச்சத்தை அனுப்புதுன்னு நெறைய பேர் மனசுல பதிஞ்சு போயிருக்கு, அதை மட்டும் இன்னைக்கே தூக்கிப் போட்டுடுங்க. உள்ள போற கரண்டும் வெளிய வர்ற கரண்டும் ஒரே அளவுதான். ரெசிஸ்டரோட ரெண்டு முனைக்கும் நடுவுல குறையிறது வோல்டேஜ்.

இது புரிஞ்சுட்டா கணக்கு தானா வந்துடும். சிவப்பு எல்இடி எரியும்போது அது மேல சுமார் 2 வோல்ட் நிக்கும். பேட்டரி 9, அப்போ மீதி 7 வோல்ட்டை ரெசிஸ்டர்தான் ஏத்துக்கணும். 20 மில்லி ஆம்பியர், அதாவது 0.02 ஆம்பியர் போகணும்னா 7ஐ 0.02ஆல வகுங்க, 350 ஓம். இங்க நெறைய பேர் 9ஐ வகுத்துட்டு 450னு எழுதுவாங்க, ரெசிஸ்டர் மேல இருக்கிறது முழு பேட்டரி வோல்டேஜ் இல்லங்கிறது மறந்து போயிடுது. சாதாரணமா கெடைக்கிற வரிசையில 350 இருக்காது, 330 இருக்கும், அடுத்தது 390. நான் 390தான் போடுவேன், 18 மில்லி ஆம்பியர் போகும், வெளிச்சத்துல வித்தியாசமே தெரியாது. 390க்கு ஆரஞ்சு, வெள்ளை, பிரவுன் பட்டை பாத்து எடுங்க.

கேள்வி: 12 வோல்ட் சப்ளைக்குக் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு போட்டேன், கொஞ்ச நேரத்துலயே கருகுற வாடை. ஓம் வேல்யூ சரியாத்தானே இருக்கு?

பதில்: ஓம் சரி, வாட் சரியில்ல. 12 வோல்ட்ல 100 ஓம்னா 0.12 ஆம்பியர், ரெண்டையும் பெருக்கினா 1.44 வாட், அவ்வளவும் சூடாத்தான் வெளிய வரும். நீங்க போட்டது கால் வாட் ரெசிஸ்டரா இருக்கும், பாவம் அது என்ன பண்ணும். 3 வாட் போடுங்க, அதுவும் நல்லா சுடத்தான் செய்யும், அதனால போர்டுல ஒட்டாம கொஞ்சம் தூக்கி சால்டர் பண்ணுங்க.

கேள்வி: பழைய போர்டுல இருக்கிற 10 கே (10 ஆயிரம் ஓம்) ரெசிஸ்டரை மல்டிமீட்டர்ல பாத்தா 4.9 கே காட்டுது. ரெசிஸ்டர் போச்சா?

பதில்: அவசரப்பட்டுக் கழட்டிப் போடாதீங்க. மீட்டர் அந்த ரெசிஸ்டரை மட்டும் பாக்கல, அதோட ரெண்டு காலுக்கும் நடுவுல போர்டுல எத்தனை வழி இருக்கோ அத்தனையும் சேத்துத்தான் பாக்குது. பக்கத்துல இன்னொரு 10 கே பேரலலா, அதாவது அதே ரெண்டு முனைக்கும் நடுவுல இன்னொரு வழியா இருந்தா 5 கேதான் வரும். வழி கூடக் கூட தடை குறையும், ஒருநாளும் ஏறாது.

இதுலயே ஒரு நல்ல சோதனை இருக்கு. பவரை எடுத்துட்டு கெபாசிட்டர் எல்லாம் காலியானப்புறம் பாருங்க. ரீடிங் குறைவா இருந்தா ஒண்ணும் சொல்ல முடியாது, ஒரு காலை மட்டும் சால்டர் எடுத்துத் தூக்கிட்டு மறுபடி அளக்கணும். ஆனா 10 கே ரெசிஸ்டர் போர்டுல இருக்கும்போதே 14 கே, 20 கேன்னு காட்டினா சந்தேகமே வேண்டாம், அது போயிடுச்சு. கெட்டுப்போற ரெசிஸ்டர் பெரும்பாலும் வேல்யூ ஏறித்தான் கெடும், இல்ல உள்ள அறுந்து ஒரேடியா ஓப்பன் ஆகும். அளக்கிறப்ப ரெண்டு ப்ரோபோட உலோக முனையையும் விரலால புடிக்காதீங்க, உங்க உடம்பும் ஒரு பேரலல் வழிதான், பெரிய வேல்யூல நல்லாவே ரீடிங்கைக் கெடுக்கும்.

கேள்வி: 60 வாட் குண்டு பல்புக்கு ஓம் விதிப்படி (வோல்டேஜைக் கரண்டால வகுத்தா) 880 ஓம் வருது, மீட்டர்ல 65தான் வருது. விதி தப்பா, மீட்டர் தப்பா?

பதில்: ரெண்டும் சரி. ரொம்ப நல்ல கேள்வி இது. 230 வோல்ட்ல 60 வாட்னா 882 ஓம், ஆனா அது பல்பு எரிஞ்சுக்கிட்டு இருக்கும்போது. நீங்க அளந்தது ஆறிப்போன பல்பு. டங்ஸ்டன் இழை சூடாகச் சூடாக அதோட தடை பத்து மடங்குக்கு மேல ஏறிடும். ஜார்ஜ் சைமன் ஓம் 1827ல எழுதின விதி, வெப்பநிலை மாறாம இருக்கிற உலோகக் கம்பிக்குத்தான் நேரா பொருந்தும். ஸ்விட்ச் போட்ட அந்தக் கணத்துல உங்க 65 ஓம்தான் நெஜம், சுமார் மூணரை ஆம்பியர் பாயும், கண் இமைக்கிற நேரத்துக்குள்ள இழை சூடாகி 0.26க்கு எறங்கிடும். குண்டு பல்பு பெரும்பாலும் ஸ்விட்ச் போடுற நேரத்துலயே ஃப்யூஸ் ஆகுறதுக்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.