அம்மாவின் பெயரில் எடுத்த சிம்

கேள்வி: எனக்கு 31 வயது. கிளிநொச்சி மாவட்டம். மனைவி, மூன்று வயது மகள், அம்மா எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். படையினர் பிடித்து வைத்திருக்கும் எங்கள் ஊர்க் காணிகளை விடச் சொல்லிக் கையெழுத்துச் சேர்ப்பது, கவனயீர்ப்பு ஒழுங்கு செய்வது, பேஸ்புக் பக்கத்தைப் பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. வட்ஸ்அப் குழுவில் 64 குடும்பங்கள் இருக்கின்றன. மூன்று கிழமைக்கு முன் சிவில் உடையில் இரண்டு பேர் வந்தார்கள். அம்மாவின் முழுப்பெயரைத் தாளில் பார்த்து வாசித்து, அவவா என்று கேட்டு, வீட்டில் யார் யார் என்று எழுதிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அம்மா காணாமல் ஆக்கப்பட்ட அண்ணாவைத் தேடி 2017 முதல் கந்தசுவாமி கோவிலடிப் போராட்டத்தில் இருக்கிறவ, அவவுக்கு இதெல்லாம் பழகிப்போச்சு. போராட்ட வேலைக்குப் பாவிக்கிற சிம்மும் அம்மாவின் அடையாள அட்டையில் எடுத்ததுதான், அதனால் என் பெயர் எங்கும் இல்லை. பேஸ்புக்கை மூடிவிடவா? எந்தச் செயலி பாதுகாப்பானது? குடும்பத்தோடு கொழும்புப் பக்கம் போய்விடலாமா?

பதில்: தம்பி, நீங்கள் கேட்ட மூன்றுக்கும் பிறகு வருகிறேன். வந்தவர்கள் அம்மாவின் முழுப்பெயரைத் தாளில் பார்த்து வாசித்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சில வரி தள்ளி, சிம் அம்மாவின் அடையாள அட்டையில் எடுத்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டையும் நீங்கள் சேர்த்துப் பார்க்கவே இல்லை. கோவிலடியில் இத்தனை வருசம் இருக்கிறவ என்பதால் அவவின் பெயர் அவர்களிடம் முன்பே இருந்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் குழுவை நடத்துகிற இலக்கம் யாருடையது என்று தொலைபேசி நிறுவனத்தில் விசாரித்தால் வருகிற பெயரும் முகவரியும் அதே பெயர், அதே முகவரி. அவர்கள் படலையைத் திறந்து வந்து வாசித்தது அந்தப் பெயரைத்தான்.

"என் பெயர் எங்கும் இல்லை" என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் யாருடைய பெயர் இருக்கிறது? ஒரு பிள்ளையைப் பறிகொடுத்து, அவனுடைய படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, 2017 மாசி (பெப்ரவரி) 20இல் தொடங்கிய போராட்டத்தில் வெயிலிலும் மழையிலும் தன் சொந்த முகத்தோடு இருக்கிற மனிசியின் பெயர். படமெடுக்க வருகிறவன் பத்திரிகைக்காரனா புலனாய்வுக்காரனா என்று தெரியாமலே அந்தத் தாய்மார் முகத்தை மறைக்காமல் இருக்கிறார்கள். அவவின் மற்றப் பிள்ளை அவவின் அடையாள அட்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. இதை இதமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "பழகிப்போச்சு" என்கிறீர்களே, வீட்டு வாசலில் அந்நியர் வந்து நின்று மிஞ்சியிருக்கிற மகனைப் பற்றிக் கேட்பது எந்தத் தாய்க்கும் பழகாது. உங்களுக்கு முன்னால் அழவில்லை, அவ்வளவுதான்.

இனி, அந்தச் சிம் உங்களை மறைக்கவாவது செய்கிறதா என்று பாருங்கள். யார் யாருக்கு எப்போது எடுத்தார், எந்தக் கோபுரத்தின் கீழ் இருந்து எடுத்தார் என்ற பதிவு நிறுவனத்திடம் இருக்கும். விசாரணைக்காரர் நீதிமன்றக் கட்டளையோடு அதைப் பெறலாம். சிம்மின் இலக்கத்தோடு போனின் 15 இலக்க எண்ணும் அதில் பதியப்படும் (*#06# என்று அழுத்தினால் உங்கள் திரையிலேயே அது தெரியும்). நீங்கள் இரண்டு சிம்மையும் ஒரே போனில்தான் போட்டிருப்பீர்கள், வன்னியில் நிறையப் பேர் அப்படித்தான். அம்மாவின் பெயரில் உள்ள இலக்கமும் உங்கள் பெயரில் உள்ள இலக்கமும் காலையில் ஒன்றாக வேலைக்குப் போய், பின்னேரம் ஒன்றாக வீட்டுக்கு வருகின்றன. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய நிபுணர் தேவையில்லை. ஆக, பதிவைப் பார்க்கிறவருக்கு நீங்கள் மறையவில்லை. முதல் கடிதம் மட்டும் அம்மாவின் பெயருக்கு வரும். முதல் வாக்குமூலத்துக்கு அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். இந்த இலக்கத்தில் ஆருடன் கதைத்தீர்கள் என்று கேட்டால் அவ என்ன சொல்லுவா? தெரியாது என்றால் பொய் என்பார்கள். மகன் பாவிக்கிறான் என்றால் மகனைத் தன் வாயால் காட்டிக்கொடுத்ததாக அவ சாகும்வரை நினைப்பா.

எனவே இந்தக் கிழமையே அந்த இலக்கத்தை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். சிம்மை உடைத்துக் குளத்தில் எறிகிற வேலை வேண்டாம். பாவிக்காமல் விட்ட இலக்கத்தை நிறுவனம் சில காலத்தில் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அந்த ஆள் அதில் வட்ஸ்அப் திறந்தால், குழுவில் உங்களை நம்பி அனுப்பப்படும் செய்திகள் அவரிடம் போகலாம். பேஸ்புக், மின்னஞ்சல், வங்கி ஆகியவற்றின் இரகசியக் குறியீடுகளும் அந்த இலக்கத்துக்குத்தான் வந்துகொண்டிருக்கும். பெயர் மாற்றினால் இலக்கம் உங்களிடமே இருக்கும், உரிமையாளர் மட்டும் மாறுவார். நீங்களும் அம்மாவும் இரண்டு அடையாள அட்டைகளோடும் நிறுவனத்தின் சேவை நிலையத்துக்கு நேரில் போங்கள். படிவத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டி, விளங்கிய பிறகு கையெழுத்து வாங்குங்கள். அவவின் அடையாள அட்டையில் வேறு ஏதாவது இலக்கம் பதிவாகியிருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள். சந்தைக்கடைகளில் பிரதியைக் கொடுத்துச் சிம் வாங்கிய காலத்தில் ஒருவருடைய அட்டையில் இன்னொருவர் எடுத்தது ஊரில் நிறைய நடந்திருக்கிறது. மாற்றிய திகதியுள்ள படிவத்தின் பிரதியை வாங்கி வையுங்கள், ஏனென்றால் அதற்கு முந்திய பதிவெல்லாம் அவவின் பெயரிலேயே இருக்கப்போகிறது.

இப்போது மாற்றினால் சந்தேகம் வராதா என்று யோசிப்பீர்கள். வரலாம். காணி கேட்பது குற்றமில்லை. கருத்துச் சொல்வதும் அமைதியாகக் கூடுவதும் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் உள்ள உரிமை. அதைச் செய்கிறவர் தன் பெயரில் செய்தார் என்பதைச் சட்டத்தரணி ஒருவர் நீதிமன்றத்தில் நிமிர்ந்து நின்று சொல்லலாம். தாயின் பெயரில் ஏன் செய்தார் என்ற கேள்விக்கு அவரால் நல்ல பதில் சொல்ல ஏலாது.

சேவை நிலையத்துக்குப் போக முதல் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள், மனைவியிடமும் சொல்லுங்கள். பயப்படுவார்கள் என்று மறைக்காதீர்கள். உங்களைப் பிடித்தால் அடுத்த மணித்தியாலத்தில் ஓடப்போவது அவர்கள் இரண்டு பேரும்தான். சாதாரண சட்டத்தில் 24 மணித்தியாலத்துக்குள் நீதவானிடம் கொண்டுபோக வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அது 72 மணித்தியாலம். அதற்குப் பிறகு அமைச்சரின் தடுப்புக் கட்டளை வந்தால் மூன்று மூன்று மாதமாக ஒரு வருசம் வரை இழுக்கலாம். 2022 திருத்தத்துக்கு முன் அது 18 மாதம். 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்த சட்டம் இது, கதிரையில் யார் வந்து இருந்தாலும் இதைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆண்டிருக்கிறார்கள். இந்தச் சட்டமே இல்லாவிட்டாலும் நீதவான் சிறையில் வைக்கச் சொல்லும் விளக்கமறியல் இருக்கிறது: 2024 பங்குனி (மார்ச்) 8இல் வவுனியாவின் வெடுக்குநாறிமலைக் கோவிலுக்குச் சிவராத்திரிக்குப் போய்ப் பிடிபட்ட எட்டுப் பேரும் 19ஆம் திகதிதான் வெளியே வந்தார்கள்.

அதனால் ஒரு தாளில் எழுதி, மனைவியின் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்: உங்கள் அடையாள அட்டை இலக்கம், பேசி ஒப்புக்கொண்ட சட்டத்தரணி ஒருவரின் இலக்கம், அவர் எடுக்காவிட்டால் இன்னொருவர், நீங்கள் குடிக்கிற மருந்து, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அவசர தொலைபேசி இலக்கம் 1996. ஆணைக்குழுவை உருவாக்கிய சட்டமும் 1996ஆம் ஆண்டினதுதான், ஞாபகம் வைக்கச் சுகம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஒருவரைப் பிடித்தால் 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது ஆணைக்குழுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. அவர்கள் அறிவிப்பார்கள் என்று காத்திருக்காமல் மனைவி உடனே அந்த இலக்கத்துக்கு அடிக்க வேண்டும். பிடித்தவர் யார், எந்த நிலையம், எந்த நேரம், வாகன இலக்கம் என்ன? பதற்றத்தில் முதலில் மறப்பது இவைதான். கைது செய்ததற்கான துண்டைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.

அம்மாவுக்கு ஒரே ஒரு வசனம் போதும். "பெயரையும் எந்த இடம் எண்டதையும் சொல்லுங்கோ, கடிதம் தந்தால் அவன் சட்டத்தரணியோடை வருவான்." அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை, ஊரில் வேறு யாரைப் பற்றியும் தேவையில்லை. போனில் விசாரணைக்கு வரச் சொன்னாலும் இதே பதில்தான். போவதானால் தனியாகப் போகாதீர்கள். 2012 முதல் பொலிஸ் நிலையத்தில் சட்டத்தரணி உங்களுக்காகத் தோன்றுவதற்கு வர்த்தமானியில் விதியே இருக்கிறது. வாக்குமூலம் தமிழில் இருக்க வேண்டும், வாசித்துக் காட்ட வேண்டும், பிழையைத் திருத்த விட வேண்டும். சிங்களத்தில் எழுதியதிலும் வெற்றுத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாதவரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி உங்களுக்கெதிராகவே சாட்சியாகும். அந்தச் சட்டத்தில் உள்ளே போய் வருசக்கணக்காக இருந்தவர்களில் பலரை அந்த ஒரு கையெழுத்துத்தான் வைத்திருந்தது.

அடுத்தது அந்த 64 குடும்பங்கள். காணி அனுமதிப்பத்திரம், அடையாள அட்டைப் பிரதி, கையெழுத்துத் தாள் எல்லாவற்றையும் படமெடுத்துப் போனில்தான் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், கையெழுத்துச் சேர்க்கிற எல்லோரும் செய்கிற வேலை அது. உங்கள் போனைப் பறித்தால் 64 வீட்டு வாசலுக்கும் வழி கிடைத்துவிடும். அவற்றை அச்செடுத்துச் சட்டத்தரணியிடம் ஒரு கட்டும், ஊரில் நம்பிக்கையான மூத்தவர் ஒருவரிடம் ஒரு கட்டும் கொடுத்துவிட்டுப் போனிலிருந்து எடுங்கள். மூலப் பத்திரங்கள் உரியவரிடமே இருக்கட்டும். அழித்த படம் கூகுள் போட்டோஸ் குப்பைக்கூடையில் 60 நாள் வரை கிடக்கும், அதையும் வெறுமையாக்குங்கள். விசாரணைக்குக் கடிதம் வந்த பிறகு எதையும் அழிக்க வேண்டாம், அது தடயம் மறைத்த கதையாகிவிடும். செய்வதை இப்போதே செய்யுங்கள்.

போன் பூட்டைக் கைரேகையிலிருந்து ஆறு இலக்கத்துக்கு மாற்றுங்கள். விரலைப் பிடித்து வைக்கலாம், மனதில் உள்ள இலக்கத்தைப் பிடுங்குவது அவ்வளவு சுலபமில்லை. வட்ஸ்அப்பில் இருபடிச் சரிபார்ப்பைப் போடுங்கள், 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தைக் கிழமைக்கு ஒருக்கால் பாருங்கள். போன் ஒரு நிமிசம் பூட்டில்லாமல் இன்னொருவர் கையில் இருந்தால் உங்கள் செய்தி எல்லாம் அவருடைய கணினியிலும் ஓடும். வட்ஸ்அப்பின் காப்புப் பிரதியைக் கூகுளில் பூட்டில்லாமல் வைத்தால் மற்றப் பூட்டெல்லாம் வீண், அதற்கும் கடவுச்சொல் போடுங்கள்.

இனி உங்கள் மூன்று கேள்விகள். செயலி: சிக்னலில் பயனர்பெயர் வைத்துக்கொண்டால் புதிதாகத் தொடர்புகொள்கிறவருக்கு இலக்கம் தெரியாது, ஒழுங்கமைப்பாளர் நாலைந்து பேர் அதில் கதைக்கலாம். 64 குடும்பத்தையும் அதற்கு இழுக்க ஏலாது, இழுக்கவும் வேண்டாம். குழுவில் கூட்டத்தின் நேரமும் இடமும் மட்டும் போடுங்கள். பேஸ்புக்: மூடாதீர்கள். பக்கத்துக்கு இன்னும் இரண்டு நிர்வாகிகளைப் போடுங்கள். இணையத்தில் பொய்த் தகவல் போடுவதைக் குற்றமாக்கும் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இருக்கிறபடியால், கடிதம், திகதி, வரைபட இலக்கம் என்று கையில் ஆதாரம் உள்ளதை மட்டும் எழுதுங்கள். கொழும்பு: உயிருக்கு அச்சுறுத்தல் வந்தால் பிள்ளையையும் மனைவியையும் தூக்கிக்கொண்டு போங்கள், அதில் வெட்கமில்லை. ஆனால் கோவிலடியை விட்டு அம்மா வரமாட்டா என்பது உங்களுக்குத் தெரியும். அவவின் பெயரில் அந்த இலக்கத்தை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் பஸ் ஏறினால் அதை நான் பாதுகாப்பு என்று சொல்லமாட்டேன்.

கடைசியாக ஒன்று, இதற்குக் கெடு இருக்கிறது. உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போவதானால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையில் ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. வழக்குப் போடுவீர்களோ இல்லையோ, வழியை அடைத்துவிடாதீர்கள். மூன்று கிழமை போய்விட்டது, ஒரு கிழமைதான் மிச்சம். வந்தவர்களின் திகதி, நேரம், தோற்றம், கேட்ட கேள்விகள், அம்மாவின் பெயரை வாசித்த தாள், எல்லாவற்றையும் அவவின் வாயால் கேட்டு எழுதுங்கள். ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்கு அவவையும் கூட்டிக்கொண்டு போய், உங்கள் பெயரில் ஒன்றும் அவவின் பெயரில் ஒன்றுமாக இரண்டு முறைப்பாடு கொடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிக்கொண்டு வாருங்கள். உங்கள் குழுவில் இன்னும் எத்தனை பேர் தாயினதோ அம்மம்மாவினதோ அட்டையில் எடுத்த சிம்மோடு திரிகிறார்கள் என்று அடுத்த கூட்டத்தில் முதல் விசயமாகக் கேளுங்கள்.